ஒரு மில்லிநொடி யாருடைய பொறுப்பு? – யு.எஸ்.பி.யும் நிகழ்நேர இயக்கிகளும்

1981-இல் ஐ.பி.எம். வெளியிட்ட தனிநபர் கணினியில் அச்சுப்பொறியை இணைப்பதற்கென்று பேரலல் போர்ட் என்னும் 25 துளை இணைப்பு ஒன்று இருந்தது. குறிப்பிட்ட ஒரு முகவரியில் ஒரு பைட்டை எழுதினால், ஏறத்தாழ ஒரு மைக்ரோநொடியில் அதன் எட்டுக் கம்பிகளில் மின்னழுத்தம் மாறிவிடும். இடையில் நின்று அனுமதி தருபவர் எவருமில்லை. நிரல் எழுதியவர் எந்தக் கணத்தில் கட்டளையிட்டாரோ அந்தக் கணமே கம்பியும் அசைந்தது. அச்சுப்பொறிக்காகப் பிறந்த அந்த இணைப்பை உலகெங்கும் ஆய்வகங்களும் பட்டறைகளும் மோட்டார்களை ஓட்டவும் உணரிகளைப் படிக்கவும் எடுத்துக்கொண்டதற்கு இந்த நேரடித்தன்மையே காரணம். அதற்கான இயக்கியை, அதாவது டிவைஸ் டிரைவரை, சில பத்து வரிகளில் எழுதிவிட முடிந்தது.

இன்றைய கணினிகளில் அந்த இணைப்பு இல்லை. அதன் இடத்தில் இருப்பது யு.எஸ்.பி. வேகத்தில் இரண்டையும் ஒப்பிடவே முடியாது, யு.எஸ்.பி. பல்லாயிரம் மடங்கு முன்னே நிற்கிறது. ஆயினும் பேரலல் போர்ட்டில் ஒரு மாணவர் எளிதாகச் செய்த ஒரு காரியம், அதாவது சரியாக இந்தக் கணத்தில் ஒரு கம்பியை உயர்த்துதல், யு.எஸ்.பி. வழியே தேர்ந்த வல்லுநருக்கும் கைகூடுவதில்லை. வேகம் பெருகியபோது நேரத்தின் மீதான பிடி ஏன் தளர்ந்தது என்ற வினாவே யு.எஸ்.பி. கருவிகளுக்கான நிகழ்நேர இயக்கிகளின் வரலாற்றைத் திறக்கும் வாயில்.

நிகழ்நேரம் என்பது விரைவு அன்று

நிகழ்நேரம் என்ற சொல்லை விரைவு என்ற பொருளில் வழங்குவது பொதுவழக்கு. கணினி அறிவியலில் அதன் பொருள் வேறு. குறித்த கெடுவுக்குள் விடை வந்தே தீரும் என்னும் உறுதியே நிகழ்நேரம். கெடு ஒரு மைக்ரோநொடியாகவும் இருக்கலாம், ஒரு நிமிடமாகவும் இருக்கலாம். கெடு தவறி வந்த சரியான விடை, தவறான விடைக்குச் சமம். சராசரி எவ்வளவு என்பது இங்கே கேள்வியன்று. மிக மோசமான தருணத்தில் எவ்வளவு என்பதே கேள்வி. பல பணிகள் ஒரே கணினியைப் பகிரும்போது எல்லாக் கெடுக்களும் காக்கப்படுமா என்பதைக் கணக்கிட்டுச் சொல்லும் கோட்பாட்டுக்கு 1973-இல் லியூவும் லேலண்டும் எழுதிய கட்டுரை அடித்தளமிட்டது.

கணக்கு சரியாக இருந்தும் நடைமுறை பிசகக்கூடும் என்பதற்கு 1997 ஜூலையில் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் கலம் சான்றானது. அக்கலத்தின் கணினி அவ்வப்போது தானாக மறுதொடக்கமானது. வானிலைத் தரவைக் கையாளும் முன்னுரிமை குறைந்த பணியொன்று, பொதுவான பூட்டொன்றைப் பிடித்திருக்கும் வேளையில், நடுத்தர முன்னுரிமைப் பணிகள் குறுக்கே புகுந்து அதை ஓடவிடாமல் தடுத்தன. அந்தப் பூட்டுக்காக மிக உயர்ந்த முன்னுரிமைப் பணி காத்துக்கிடந்தது. கெடு தவறியதைக் கண்ட காவல் கடிகாரம் முழுக் கணினியையும் மீண்டும் தொடக்கியது. பூமியில் அதே நிலையை மீண்டும் உருவாக்கிக் கண்டறிந்த பொறியாளர்கள், பூட்டைப் பிடித்திருப்பவருக்குக் காத்திருப்பவரின் முன்னுரிமையைத் தற்காலிகமாகக் கொடுக்கும் வசதியை இயக்கித் தீர்வு கண்டார்கள். முன்னுரிமை மரபேற்பு எனத்தக்க அந்த முறையை ஆராய்ந்து 1990-இல் விரிவான கட்டுரையாக வெளியிட்டவர்கள் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லூயி ஷா, ரகுநாதன் ராஜ்குமார், ஜான் லெஹோஸ்கி ஆகிய மூவர். இவர்களுள் ராஜ்குமார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் பட்டம் பெற்றுச் சென்றவர். லினக்ஸ் கெர்னல் நிகழ்நேரத் தகுதி பெற்ற கதையில் இக்கருத்து மீண்டும் வரும்.

கேட்டால் மட்டுமே பேசும் கருவி

யு.எஸ்.பி. பிறந்த நோக்கம் இதற்கு முற்றிலும் வேறானது. பரோடாவில் உள்ள மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தில் பயின்று, நியூயார்க்கில் மேற்படிப்பை முடித்து, 1990-இல் இன்டெல் நிறுவனத்தில் சேர்ந்தவர் அஜய் பட். வீட்டில் மகளின் பள்ளிப் பாடத்தை அச்சிட அச்சுப்பொறியுடன் குடும்பம் பட்ட பாடு தமக்கு வித்தாக அமைந்ததென அவர் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். விசைப்பலகைக்கு ஒன்று, சுட்டிக்கு ஒன்று, அச்சுப்பொறிக்கு ஒன்று, மோடத்துக்கு ஒன்று என்றிருந்த இணைப்புகளுக்குப் பதிலாக எவரும் அஞ்சாமல் செருகக்கூடிய மலிவான ஒரே இணைப்பு வேண்டும் என்பதே இலக்கு. காம்பேக், டி.இ.சி., ஐ.பி.எம்., இன்டெல், மைக்ரோசாஃப்ட், என்.இ.சி., நார்டெல் ஆகிய ஏழு நிறுவனங்கள் கூடி உருவாக்கிய முதல் தரநிலை 1996 ஜனவரியில் வெளிவந்தது. நொடிக்கு 1.5 மெகாபிட், 12 மெகாபிட் என இரு வேகங்கள் அதில் இருந்தன.

மலிவுக்காக எடுக்கப்பட்ட ஒரு முடிவு பிற்காலம் முழுவதையும் நிர்ணயித்தது. அறிவு முழுவதும் கணினியின் பக்கம் இருக்கட்டும், கருவி எளிமையாக இருக்கட்டும் என்பதே அம்முடிவு. எனவே யு.எஸ்.பி. கருவி தானாக ஒரு சொல்லும் பேசாது. கணினி கேட்டால் மட்டுமே விடை சொல்லும். சுட்டியை அசைத்தாலும் அது கணினியைத் தட்டி எழுப்புவதில்லை. தன் முறை வரும்வரை காத்திருக்கிறது. பேருந்து நடத்துநர் ஒவ்வோர் இருக்கையாகச் சென்று சீட்டு கேட்பதைப்போல, கணினியிலுள்ள கட்டுப்படுத்தி ஒவ்வொரு கருவியாகக் கேட்டுக்கொண்டே செல்கிறது. அந்தச் சுற்றுக்கு ஒரு மில்லிநொடி நீளமுள்ள சட்டகம் என்னும் அலகு வகுக்கப்பட்டது. 12 மெகாபிட் வேகத்தில் ஒரு சட்டகத்தில் அடங்குவது 1,500 பைட் மட்டுமே.

தரநிலையை வகுத்தவர்கள் நேரத்தை அறியாதவர்கள் அல்லர். பரிமாற்றத்தை அவர்கள் நான்காகப் பிரித்தார்கள். கருவியை அடையாளம் காணவும் அமைக்கவும் ஒன்று. பெருந்தரவுக்கு ஒன்று, இது பிழையின்றிச் சேர்க்கும், ஆனால் எப்போது சேரும் என்று வாக்களிக்காது. ஒலி, ஒளி போன்ற ஓடைகளுக்கு ஐசோகிரனஸ் என்னும் வகை ஒன்று. ஒவ்வொரு சட்டகத்திலும் இதற்கு இடம் ஒதுக்கப்படும், ஆனால் பிழைபட்டால் மறுபடி அனுப்பப்படாது. விசைப்பலகை, சுட்டி போன்றவற்றுக்கு இன்டரப்ட் என்னும் வகை ஒன்று; பெயரில் குறுக்கீடு இருந்தாலும் நடப்பது குறித்த இடைவெளியில் கேட்டறிதலே. கடைசி இரண்டுக்கும் சேர்த்துச் சட்டகத்தின் 90 விழுக்காடு வரை ஒதுக்கலாம் என்றும் வரையறுத்தார்கள்.

நிகழ்நேர இயக்கி எழுதுபவரின் இக்கட்டு இந்த நான்கு வகைகளுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. நேரத்தை வாக்களிக்கும் வழி, தரவு பழுதின்றிச் சேருமென்று வாக்களிக்கவில்லை. தரவை வாக்களிக்கும் வழி, நேரத்தை வாக்களிக்கவில்லை. இரண்டையும் ஓரளவு தரும் இன்டரப்ட் வகையோ, 12 மெகாபிட் கருவியில் ஒரு முறைக்கு 64 பைட்டுக்கு மேல் சுமக்காது.

கம்பிக்கும் நிரலுக்கும் இடையே

கம்பியில் கிடைக்கும் வாக்குறுதி முதற்படி மட்டுமே. கம்பிக்கும் நிரலுக்கும் இடையே கட்டுப்படுத்தி, அதன் இயக்கி, பொதுவான யு.எஸ்.பி. அடுக்கு, குறிப்பிட்ட கருவிக்கான இயக்கி என நான்கு படிகள் உண்டு. கட்டுப்படுத்தியிலேயே தொடக்கத்தில் இரு குலங்கள் தோன்றின. இன்டெல் வகுத்த யு.எச்.சி.ஐ. வன்பொருளை மலிவாக்கி வேலையை மென்பொருளிடம் விட்டது. 1,024 சட்டகங்களின் பட்டியலை நினைவகத்தில் கோத்து, எந்தச் சட்டகத்தில் யார் பேசுவது என்பதை இயக்கியே தீர்மானித்தது. காம்பேக், மைக்ரோசாஃப்ட், நேஷனல் செமிகண்டக்டர் ஆகியவை வகுத்த ஓ.எச்.சி.ஐ. அந்த வேலையில் பெரும்பங்கை வன்பொருளிடம் கொடுத்தது. ஒரே கருவி இரு கணினிகளில் இரு விதமாக நேரம் காட்டியதற்கு இந்தப் பிளவும் ஒரு காரணமாயிற்று.

லினக்ஸில் 1999 வாக்கில் யு.எஸ்.பி. ஆதரவு வேரூன்றி, 2001 ஜனவரியில் வெளியான 2.4 கெர்னலில் முழுமையடைந்தது. அங்கே இயக்கி எழுதுபவரின் அடிப்படை அலகு யு.ஆர்.பி. என்னும் வேண்டுகோள். அதை நிரப்பிச் சமர்ப்பித்துவிட்டுத் திரும்பிவிட வேண்டும். பரிமாற்றம் முடிந்ததும் கெர்னல் ஒரு செயற்கூறை அழைக்கும். அந்தச் செயற்கூறு உறங்கக் கூடாது, காத்திருக்கக் கூடாது. ஒன்று முடிந்த பிறகு அடுத்ததைச் சமர்ப்பித்தால் இடையில் ஒரு சட்டகம் வெறுமையாகக் கழிந்துவிடும் என்பதால் பலவற்றை முன்கூட்டியே வரிசையில் நிறுத்த வேண்டும். நினைவகத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்கிவைக்க வேண்டும். வரிசை நீண்டால் ஓடை அறுபடாது, ஆனால் தாமதம் கூடும். வரிசை குறுகினால் தாமதம் குறையும், ஆனால் ஓடை அறுபடும். இந்த இரண்டுக்கும் நடுவே நிற்குமிடத்தைத் தேடுவதே இயக்கி எழுதுபவரின் அன்றாடம்.

தொழிற்சாலைகளும் ஆய்வகங்களும் பரவலாகப் பயன்படுத்தும் யு.எஸ்.பி.–சீரியல் மாற்றிகள் இதற்கு எளிய உதாரணம். எஃப்.டி.டி.ஐ. சில்லுகளில் தரவு சிறிதளவே வந்திருந்தால், அதை உடனே அனுப்பாமல் 16 மில்லிநொடி வரை சேர்த்துவைக்கும் கடிகாரம் இயல்பாக அமைந்திருக்கும். கடத்துதிறனுக்கு அது சிக்கனம். ஆனால் ஒவ்வொரு கட்டளைக்கும் விடை பெற்ற பிறகே அடுத்த கட்டளை அனுப்பும் கட்டுப்பாட்டுச் சுற்றுக்கு அது கொடுந்தண்டனை. அந்த எண்ணை 1 எனக் குறைத்தவுடன் பல கருவிகள் திடீரென்று உயிர்பெறும். பழுது கருவியிலும் இல்லை, நிரலிலும் இல்லை. நேரத்தை யாரோ ஒருவர் வேறு நோக்கத்துக்காக முன்பே செலவிட்டிருக்கிறார்.

இரு கெர்னல்களும் ஒரு கெர்னலும்

லினக்ஸை நிகழ்நேரத்துக்கு உரியதாக்க இரு வழிகள் வளர்ந்தன. 1990-களின் நடுவில் நியூ மெக்சிகோவில் விக்டர் யோடைக்கனும் மைக்கேல் பரபனோவும் உருவாக்கிய ஆர்.டி.லினக்ஸ் முதல் வழி. வன்பொருளின் மேல் மிகச் சிறிய நிகழ்நேரக் கெர்னல் ஒன்றை வைத்து, முழு லினக்ஸையும் அதன் கீழ் முன்னுரிமை குறைந்த ஒரு பணியாக ஓட்டுவது அதன் உத்தி. மிலான் பாலிடெக்னிக்கில் பாவ்லோ மந்தேகாட்சா உருவாக்கிய ஆர்.டி.ஏ.ஐ., பிலிப் ஜெரம் தொடங்கிய ஸீனோமாய் ஆகியவையும் இந்த மரபின. பேரலல் போர்ட்டுக்கு இவ்வழி அற்புதமாகப் பொருந்தியது. சிறு கெர்னலிலிருந்தே முகவரியில் பைட்டை எழுதிவிடலாம். லினக்ஸ் என்ன செய்துகொண்டிருந்தாலும் கவலையில்லை.

யு.எஸ்.பி.க்கு அந்த வழி எளிதில் திறக்கவில்லை. லினக்ஸின் யு.எஸ்.பி. அடுக்கு லினக்ஸின் பூட்டுகளையும் நினைவக ஒதுக்கீட்டையும் நம்பி வாழ்வது. நிகழ்நேரப் பக்கத்திலிருந்து அதைத் தொட்ட மறுகணமே உறுதி கலைந்துவிடும். எனவே கட்டுப்படுத்தி இயக்கி முதல் மேலடுக்கு வரை அனைத்தையும் நிகழ்நேரப் பக்கத்தில் மீண்டும் எழுதியாக வேண்டும். நிகழ்நேர இயக்கிகளுக்குப் பொதுவான சட்டகமாக ஆர்.டி.டி.எம். வந்த பிறகும் அந்தச் சுமை குறையவில்லை. வலையட்டைகளுக்கும் சீரியல் இணைப்புகளுக்கும் கிடைத்த செழிப்பு யு.எஸ்.பி.க்குக் கிடைக்கவில்லை.

இரண்டாவது வழி, லினக்ஸையே மாற்றுவது. இங்கோ மோல்னார், தாமஸ் கிளைக்ஸ்னர் முதலானோர் 2004 வாக்கில் தொடங்கிய பிரீஎம்ப்ட்-ஆர்.டி. முயற்சியில், கெர்னலின் சுழல்பூட்டுகள் பெரும்பாலும் முன்னுரிமை மரபேற்புள்ள பூட்டுகளாக மாற்றப்பட்டன. குறுக்கீடுகளைக் கையாளும் பணி தனித்தனி இழைகளானது. அவ்விழைகளுக்கு முன்னுரிமை வழங்கலாம். பாத்ஃபைண்டரைக் காத்த அதே கருத்து இங்கே கெர்னல் முழுவதும் பரவியது. இவ்வழியில் இருக்கும் யு.எஸ்.பி. அடுக்கை அப்படியே பயன்படுத்தலாம். கட்டுப்படுத்தியின் இழைக்கு உயர் முன்னுரிமை கொடுத்தாலே பெரும் பயன் உண்டு. ஆனால் அந்தப் பணி முதன்மைக் கெர்னலில் முழுமையாகச் சேர ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆயின. கடைசித் தடையாக நின்றது, திரையில் செய்தி அச்சிடும் பிரிண்ட்-கே என்னும் எளிய பகுதி. 2024 செப்டம்பரில் அதுவும் தீர்ந்து, நவம்பரில் வெளியான 6.12 கெர்னலில் நிகழ்நேரத் தெரிவு இடம்பெற்றது.

இரண்டு கடிகாரங்கள்

இயங்குதளம் கெடுவைக் காத்தாலும் ஒரு சிக்கல் எஞ்சும். கணினிக்கு ஒரு கடிகாரம், கருவிக்கு ஒரு கடிகாரம். ஒலிக்கருவிகளில் இது முதலில் காதில் விழுந்தது. நொடிக்கு 48,000 மாதிரிகள் என்றால் ஒரு சட்டகத்துக்கு 48 மாதிரிகள். கணக்கு நேராக இருக்கிறது. 44,100 என்றால் ஒன்பது சட்டகங்களில் 44, பத்தாவதில் 45 அனுப்ப வேண்டும். இதுவும் சமாளிக்கக்கூடியதே. ஆனால் இரு பளிங்குக் கடிகாரங்கள் பத்து லட்சத்தில் நூறு பங்கு மட்டும் வேறுபட்டாலும், 48,000 மாதிரிகளில் நொடிக்கு ஏறத்தாழ ஐந்து மாதிரிகள் மிஞ்சும் அல்லது குறையும். ஒரு மில்லிநொடி அளவுள்ள தாங்கிநினைவகம் பத்தே நொடியில் நிரம்பி வழியும் அல்லது வறண்டுபோகும். இயக்கி எவ்வளவு திறமையாக எழுதப்பட்டிருந்தாலும் இதைத் தடுக்க இயலாது.

யு.எஸ்.பி. கண்டறிந்த தீர்வு, கருவியின் கடிகாரத்தையே தலைமையாக ஏற்பது. எவ்வளவு வேகமாகத் தரவு வேண்டும் என்பதைக் கருவி ஒரு பின்னூட்ட வழியில் சொல்லிக்கொண்டே இருக்கும். இயக்கி அதற்கேற்ப ஒவ்வொரு சட்டகத்திலும் ஒரு மாதிரியைக் கூட்டும் அல்லது குறைக்கும். எல்லா அறிவும் கணினியில் இருக்கட்டும் என்று தொடங்கிய அமைப்பு, நேரத்தைப் பொறுத்தவரை கருவியின் சொல் கேட்க வேண்டியதாயிற்று.

நேரம் கருவிக்கு இடம்பெயர்ந்தது

இதே மாற்றம் பட்டறைகளிலும் ஆய்வகங்களிலும் நிகழ்ந்தது. அமெரிக்கத் தேசியத் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனத்தில் தோன்றிப் பின்னர் லினக்ஸ்சி.என்.சி. எனப் பெயர்பெற்ற மென்பொருள், கடைசல், துருவல் இயந்திரங்களைச் சாதாரணக் கணினியால் ஓட்டியது. பேரலல் போர்ட் வழியே 25 முதல் 50 மைக்ரோநொடிக்கு ஒருமுறை படிமோட்டாருக்குத் துடிப்புகளைக் கணினியே நேரடியாக உருவாக்கியது. ஒரு துடிப்பு தவறினால் மோட்டார் ஒரு படி இழக்கும்; உளி நிற்கவேண்டிய இடத்தில் நிற்காது; வேலைப்பொருள் பாழாகும். பேரலல் போர்ட் மறையத் தொடங்கியபோது அச்சமூகம் யு.எஸ்.பி.யை மாற்றாக ஏற்க மறுத்தது. ஒரு மில்லிநொடிச் சட்டகத்தில் 25 மைக்ரோநொடி வாக்குறுதிக்கு இடமில்லை என்பதே காரணம். துடிப்புகளைத் தானே உருவாக்கும் தனி அட்டைகளை ஈத்தர்நெட் வழியாகவும் கணினியின் உள்பாதை வழியாகவும் இணைப்பது அங்கு வழக்கமாயிற்று.

இந்தியக் கல்விச்சூழலிலும் இதற்கு இணையான ஒரு நிகழ்வு உண்டு. நியூக்ளியர் சயின்ஸ் சென்டர் என முன்பு வழங்கப்பட்ட புதுதில்லியின் பல்கலைக்கழகங்களுக்கிடையேயான முடுக்கி மையத்தில், 2004-இல் பி.பி. அஜித்குமார் முன்னின்று ஃபீனிக்ஸ் திட்டத்தைத் தொடங்கினார். விலையுயர்ந்த கருவிகள் வாங்க இயலாத கல்லூரிகளும் கணினியைக் கொண்டு இயற்பியல் சோதனைகள் செய்ய வேண்டும் என்பது அதன் நோக்கம். முதல் வடிவம் பேரலல் போர்ட்டில் இணைந்தது. அதற்கென லினக்ஸ் கெர்னல் இயக்கி எழுதப்பட்டது. பிறகு வந்த வடிவங்களில் நுண்கட்டுப்படுத்தி ஒன்று கருவிக்குள்ளேயே குடியேறியது. யு.எஸ்.பி. வழியே இணையும் எக்ஸ்பைஸ் கருவியில் மைக்ரோநொடித் துல்லியத்தில் காலத்தை அளப்பது அந்தச் சில்லின் வேலை. ஊசலின் அலைவுநேரத்தையோ விழும் குண்டின் வீழ்நேரத்தையோ அது தன்னுள் அளந்துவைத்துக்கொள்கிறது, யு.எஸ்.பி. பிறகு மெதுவாக வந்து அந்த எண்ணை எடுத்துச் செல்கிறது. எண் எப்போது கணினியை அடைகிறது என்பது பொருட்டில்லை. எண்ணுக்குள்ளேயே நேரம் உறைந்திருக்கிறது. கணினியில் சிறப்பான இயக்கி எதுவுமின்றி, பைத்தானில் எழுதிய சில வரிகளால் மாணவர் சோதனையை நடத்திவிடுகிறார்.

யு.எஸ்.பி.யின் பிற்கால வளர்ச்சியும் இத்திசையையே உறுதிப்படுத்தியது. 2000-இல் வந்த 2.0 தரநிலை வேகத்தை 480 மெகாபிட்டாக உயர்த்தி, சட்டகத்தை 125 மைக்ரோநொடி நீளமுள்ள எட்டு நுண்சட்டகங்களாகப் பிரித்தது. 2008-இல் 3.0 வந்தது. அதையொட்டி இன்டெல் வகுத்த எக்ஸ்.எச்.சி.ஐ. கட்டுப்படுத்தியில், எந்த நுண்சட்டகத்தில் யார் பேசுவது என்ற அட்டவணை முழுவதும் வன்பொருளுக்குள் சென்றது. இயக்கி வேண்டுகோளை ஒரு வளையத்தில் வைக்கலாம். அட்டவணையைத் தன் கையால் கோக்க முடியாது. யு.எச்.சி.ஐ. காலத்தில் சட்டகப் பட்டியலையே எழுதிய நிரலாளர், இன்று இடைவெளியைக் கேட்டுப் பெறும் விண்ணப்பதாரர். செயலிக்கு மின்சாரம் மிச்சமாகிறது, இயக்கி எளிதாகிறது. பிடி மேலும் விலகுகிறது.

இந்த வரலாற்றை யு.எஸ்.பி.யின் தோல்வி என்று வாசிப்பது பிழை. பல கோடிப் பேர் அறிவுரை எதுவும் வேண்டாமல் செருகிப் பயன்படுத்தும் ஒன்றை உருவாக்குவதே அதன் இலக்கு. அதை அது எட்டியது. பேரலல் போர்ட்டின் பொற்காலம் என்று ஏங்குவதும் பிழை. அந்த நேரடித்தன்மையின் விலையாகக் கணினி முழுவதையும் ஒரு பணிக்கு அடிமையாக்கவேண்டியிருந்தது. கற்றுக்கொள்ளவேண்டியது வேறொன்று. ஒவ்வோர் அமைப்பிலும் கெடுவைக் காக்கும் பொறுப்பை ஏதோ ஓரிடம் சுமந்தாக வேண்டும். அது கம்பியிலா, கட்டுப்படுத்தியிலா, கெர்னலிலா, கருவிக்குள் இருக்கும் சிறு சில்லிலா என்பதை முதல் வரி எழுதும் முன்பே தீர்மானிப்பவர்தான் நிகழ்நேர இயக்கி எழுதுகிறார். தீர்மானிக்காதவரின் நிரலும் ஓடும். ஆய்வகத்தில் நூறு முறை சரியாகவே ஓடும். உட்செலுத்து பம்பு நோயாளியின் கையில் பொருத்தப்பட்ட பிறகோ, உளி எஃகில் இறங்கிய பிறகோ நூற்றோராவது முறை வரும். அப்போது தவறிய மில்லிநொடிக்குப் பொறுப்பேற்க எவரும் இருக்கமாட்டார்கள். ஏனெனில் அதை எவரிடமும் ஒப்படைத்திருக்கவில்லை.